ஓர் அணாச் சிற்றுண்டியும் பசித்த வகுப்பறையும்: பிட்டி தியாகராயர் விட்டுச்சென்ற பாதிப் பணி

தமிழ்நாட்டு அரசின் காலை உணவுத் திட்டத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் 1920-ஆம் ஆண்டும் சர் பிட்டி தியாகராயரின் பெயரும் தவறாமல் இடம்பெறுகின்றன. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்து, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க வழிசெய்தவர் என்ற ஒரு வரியோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. அந்தத் திட்டம் ஐந்தே ஆண்டுகளில் ஏன் நின்றது, அவர் தலைமை வகித்த கட்சி அதே ஆண்டுகளில் ஆதிதிராவிட மக்களிடம் எப்படி நடந்துகொண்டது என்ற கேள்விகளை மேடைகள் எழுப்புவதில்லை.

வழக்கு மன்றத்திலும் தெருவிலும் உரிமைகளுக்காக நிற்கும் நமக்கு இவை பழங்கதைகள் அல்ல. வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் ஒரு பிள்ளைக்கு உணவு தர வேண்டியவர் யார், தரத் தவறினால் யாரைக் கேட்பது என்பதே நம் கேள்வி. அதற்கான விடையின் ஒரு பாதி தியாகராயரின் வாழ்க்கையில் இருக்கிறது. மறுபாதி அவர் காணத் தவறிய இடத்தில் இருக்கிறது.

வடசென்னையின் நெசவு வணிகர்

தியாகராயர் 1852 ஏப்ரல் 27 அன்று பிறந்தார். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் சமூகத்தைச் சேர்ந்த, வணிகத்தில் வளம்பெற்ற குடும்பம் அவருடையது. அவருக்கு நான்கு வயதானபோது, 1856-இல், தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. துணி வெளுக்கும் தொழிலாளர் குடியேறியதால் வண்ணாரப்பேட்டை என்று பெயர்பெற்ற பகுதியும், தண்டையார்பேட்டையும், கடலோரக் குப்பங்களும் துறைமுகத்தை நம்பி வாழும் உழைப்பாளர் நகரமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வடசென்னைதான் அவருடைய களம்.

மாநிலக் கல்லூரியில் படித்து 1876-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர்களில் பெரும்பாலோர் அரசுப் பணியையோ வழக்கறிஞர் தொழிலையோ நாடிய நாளில் அவர் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். தறிகள் பல கொண்ட நெசவுக்கூடம் ஒன்றை நடத்தினார். தென்னிந்திய வணிகர் சங்கம் 1909-இல் உருவானபோது அதை நிறுவியவர்களில் ஒருவராக இருந்தார். தொடக்கத்தில் காங்கிரசு இயக்கத்தோடும் சென்னை மகாஜன சபையோடும் தொடர்பு கொண்டிருந்தார்.

அவருடைய பொதுவாழ்வின் முதுகெலும்பாக இருந்தது மாநகராட்சி. 1882-இல் உறுப்பினராக நுழைந்தவர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே இருந்தார். சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் என்று அன்றாடத்தைப் பற்றிய விவாதங்களிலேயே அவர் வளர்ந்தார். எளிய வெள்ளை உடையிலேயே எங்கும் தோன்றியதால் வெள்ளுடை வேந்தர் என்று அழைக்கப்பட்டார். அரசு முறையில் நியமிக்கப்படும் அதிகாரிகளே அமர்ந்துவந்த தலைவர் நாற்காலியில், அதிகாரியல்லாத முதல் தலைவராக அவர் அமர்ந்தார்.

1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் கூடிய பார்ப்பனரல்லாத தலைவர்களின் கூட்டம் அவரை மாகாண அரசியலின் மையத்துக்குக் கொண்டுவந்தது. டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோருடன் சேர்ந்து அவர் கட்டிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதன் ஆங்கில நாளேட்டின் பெயரால் நீதிக்கட்சி என்று வழங்கலாயிற்று. அரசுப் பதவிகளும் கல்வியும் ஒரு சிறுபான்மையின் கையில் குவிந்திருந்ததை எண்ணிக்கைகளோடு எடுத்துக்காட்டிய பார்ப்பனரல்லாதார் அறிக்கை அவர் பெயரில் வெளியானது. 1919-இல் நாயர் மறைந்த பிறகு கட்சியின் முழுச்சுமையும் அவர்மேல் விழுந்தது. 1920 தேர்தலில் கட்சி வென்றபோது, அமைச்சரவை அமைக்க ஆளுநர் வெலிங்டன் பிரபு அழைத்தும் அவர் அப்பதவியை ஏற்கவில்லை. ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். தியாகராயர் மாநகராட்சியிலும் கட்சித் தலைமையிலும் தொடர்ந்தார்.

ஆயிரம் விளக்கில் ஓர் அணா

தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1920 செப்டம்பர் 16 அன்று, மாநகராட்சி மன்றம் ஒரு சிறிய செலவுக்கு ஒப்புதல் அளித்தது. ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்கு நாள் ஒன்றுக்கு, ஆளுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என்பதே தீர்மானம். ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு.

மன்றத்தில் தியாகராயர் முன்வைத்த வாதம் சுருக்கமானது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள், ஏழ்மை பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் பாதிக்கிறது என்பதே அதன் சாரம். இரக்கத்தையோ புண்ணியத்தையோ அவர் துணைக்கு அழைக்கவில்லை. பசி, பள்ளியை நடத்தவிடாமல் தடுக்கும் ஒரு காரணி என்றும், அதைச் சரிசெய்வது பள்ளி நடத்துபவரின் கடமை என்றும் ஒரு நிர்வாகியின் மொழியில் பேசினார். அன்னசத்திரங்களும் திருவிழா அன்னதானங்களும் நிறைந்த நகரத்தில் இந்த மாற்றம் முக்கியமானது. அன்னதானத்தில் கொடுப்பவருக்குப் பெருமை, வாங்குபவருக்குக் கூச்சம். நகராட்சி வரவுசெலவில் ஒரு தலைப்பாக எழுதப்பட்ட உணவுக்கு வாங்குபவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-இல் 811-ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671-ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இருமடங்கு. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெற்றோருக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று சொல்லிவந்தவர்களுக்கு இந்தக் கணக்கே விடையாக இருந்தது.

பசித்த மூளை எப்படிப் படிக்கும்?

தியாகராயர் எண்ணியது வருகைப்பதிவை. வந்து உட்கார்ந்த பிள்ளையின் தலைக்குள் உணவு என்ன செய்கிறது என்பதை அறிவியல் பிறகுதான் விளக்கியது. வளர்ந்தவர் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. குழந்தையின் மூளைப் பசி இதைவிட மிகப் பெரிது. ஏறத்தாழ ஐந்து வயதில் அந்தப் பங்கு மூன்றில் இரண்டை எட்டுகிறது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்த ஆற்றல் முதன்மையாகக் குளுக்கோசிலிருந்து வருகிறது. இரவு முழுவதும் உண்ணாதிருக்கும்போது உடல் சேமித்துவைத்த குளுக்கோசு குறைகிறது. சிறிய உடலில் சேமிப்பும் சிறிது. எனவே காலை உணவு தவறினால், வளர்ந்தவரைவிடக் குழந்தையே விரைவில் தளர்கிறது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது இது: காலையில் உண்ட பிள்ளைகளிடம் கவனத்தை நிலைநிறுத்துதல், கேட்டதை நினைவில் வைத்தல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தை மாற்றுதல் ஆகிய திறன்கள், உண்ணாத வேளையைவிட மேம்பட்டிருக்கின்றன. ஆனால் இந்த வேறுபாடு எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவில் இல்லை. நன்றாக உண்டு வளர்ந்த பிள்ளை ஒரு நாள் காலை உணவைத் தவறவிட்டால் பெரிய இழப்பு இல்லாமல் சமாளித்துவிடுகிறது. ஊட்டமின்றி வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அதே ஒரு வேளை பெரும் இழப்பாகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவை ஜமைக்காவின் ஆய்வுகள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பான்மையாக வாழும் அத்தீவில், காலை உணவு தவறியபோது வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் சிந்தனைத்திறன் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டதை 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. 1998-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஓராண்டு காலை உணவு வழங்கியபோது வருகை கூடியது, சிறிய வகுப்புப் பிள்ளைகளின் கணக்குத் திறனும் உயர்ந்தது. அரங்கில் ஒரே கேள்வித்தாளை எழுதுவதாலேயே தகுதி அளக்கப்படுகிறது என்று வாதிடுவோர், ஒருவர் உண்டும் மற்றவர் உண்ணாமலும் அந்த அரங்குக்குள் நுழைகிறார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. நாட்டின் பள்ளிகளில் ஊட்டக்குறைவு எந்தத் தெருக்களில் கூடுதலாக இருக்கிறது என்பது நாம் அனைவரும் அறிந்தது. தகுதியைப் பற்றிய விவாதம் தேர்வுக்கூடத்துக்கு வெளியே, காலைச் சோற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

வளரிளம் பருவத்தில் வேறொரு சிக்கல் சேர்கிறது. வயது ஏற ஏறக் காலை உணவைத் தவிர்ப்பது கூடுகிறது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம். தம்பி தங்கைக்குக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் தேநீரோடு கிளம்பும் அக்காக்களை வடசென்னையின் ஒவ்வொரு சந்திலும் காணலாம்.

1921: புளியந்தோப்பின் தீ

சிற்றுண்டித் தீர்மானம் நிறைவேறிய அடுத்த ஆண்டு, தியாகராயரின் வாழ்க்கையில் நாம் கடந்துபோக முடியாத ஆண்டு. 1921-இல் பெரம்பூரில் பக்கிங்காம்–கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. சாதி இந்துத் தொழிலாளர்களும் இசுலாமியத் தொழிலாளர்களும் வெளியேறினார்கள். அன்றாடக் கூலியை விட்டால் அடுத்த வேளைக்கு வழியற்றிருந்த ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆலைக்குத் திரும்பினார்கள். தொழிற்சங்கப் பூசல் சாதிப் பகையாக மாறியது. ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மாதக்கணக்கில் மோதல்கள் நீடித்தன. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டிலும் உயிர்கள் போயின.

நீதிக்கட்சி எந்தப் பக்கம் நின்றது? அக்கட்சியின் நாளேடு, தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆதிதிராவிடருக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்ததே நிலைமை சீர்கெடக் காரணம் என்று எழுதியது. அந்தத் துறை செய்துவந்தது என்ன? ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப்பள்ளிகள் திறப்பது, வீட்டுமனை வழங்குவது, கிணறு வெட்டுவது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அந்தத் துறையில்தான் இருக்கிறது. ஆயிரம் விளக்கில் ஏழைப் பிள்ளைக்கு ஓர் அணா செலவிடுவது நிர்வாகக் கடமையாகத் தெரிந்தது. சேரிப் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டுவது செல்லம் கொடுப்பதாகத் தெரிந்தது. கட்சியின் தலைவர் தியாகராயர். இந்த முரணின் பொறுப்பிலிருந்து வரலாறு அவரை விடுவிக்க முடியாது.

சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர்களின் குரலாக இருந்த எம்.சி. ராஜா 1923-இல் நீதிக்கட்சியிலிருந்து விலகினார். இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் ஏற்கச்செய்த 1922-இன் போராட்டமும் அவருடையதே. அதற்கும் முன்பு, 1890-களிலேயே, அயோத்திதாசப் பண்டிதர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வேண்டும் என்று மகாஜன சபையில் கேட்டிருந்தார். 1894-இல் கர்னல் ஆல்காட் அவர்களுக்கான இலவசப் பள்ளிகளைத் தொடங்கியிருந்தார். பள்ளிக்கூடம் வேண்டும் என்ற கோரிக்கை சேரிகளிலிருந்தே எழுந்தது. அதை மாநகராட்சித் தீர்மானத்துக்கு முந்தைய வரலாறாக எழுதாமல் விடுவது, கேட்டவர்களை மறைத்துக் கொடுத்தவரை மட்டும் காட்டுவதாகும்.

இதனால் 1920-இன் தீர்மானம் சிறுமைப்படுவதில்லை. அது ஏழ்மையைக் கண்டது, சாதியைக் காணவில்லை. பசி எல்லோரையும் ஒன்றுபோல் வாட்டுவதாக அது கருதியது. யாருடைய வீட்டில் நெருப்பு வைக்கப்பட்டதோ அவருடைய பிள்ளைக்கு மறுநாள் காலை உணவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி அதன் கணக்கில் இல்லை.

கணக்குத் தணிக்கையில் நின்ற அடுப்பு

1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டித் திட்டம் நின்றது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதைப் பிரித்தானிய அரசு அனுமதிக்க மறுத்தது. இந்த மறுப்பைச் சட்டம் பயின்றவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். சிலேட்டுக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் கட்டட வாடகைக்கும் கல்வி நிதி உண்டு. பிள்ளையின் வயிறு மட்டும் கல்வியின் எல்லைக்கு வெளியே. ஒரு கணக்குத் தலைப்பைப் பற்றிய முடிவு போலத் தோன்றினாலும், கல்வி என்றால் என்ன என்பதற்கு அரசு தந்த விளக்கம் அதற்குள் இருந்தது. இருமடங்கான மாணவர் எண்ணிக்கையும் அந்த விளக்கத்தை அசைக்கவில்லை. திட்டம் நின்றபோது பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ வழக்குத் தொடுக்க எந்த உரிமையும் இல்லை. அது மன்றத்தின் தீர்மானத்தால் வந்தது, அரசின் ஓர் ஆணையால் போனது.

அதே 1925-இல் தியாகராயர் மறைந்தார். நகரின் மேற்கே புதிதாக உருவான குடியிருப்புக்குத் தியாகராய நகர் என்று பெயரிடப்பட்டது. வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-இல் தோன்றிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி, பல தலைமுறை உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியது. சிற்றுண்டித் திட்டமோ இரண்டாண்டு இடைவெளிக்குப் பின்னர் 25 பள்ளிகளில் 1,000 ஏழை மாணவர்களுக்கு என்று மீண்டும் தொடங்கியது.

பிறகு நடந்தது நாம் அறிந்த வரலாறு. 1956-இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதற்கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகளின் 1,14,095 மாணவர்கள் பயன்பெற்றார்கள். சென்னையில் முதற்கட்டமாகச் சேர்க்கப்பட்ட மாநகராட்சிப் பள்ளிகள் பெரும்பாலும் வடசென்னையில் இருந்தன. 2023 ஆகஸ்டு 25 முதல் அத்திட்டம் மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவானது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன.

உணவு உரிமையாக மாறுவது எப்போது?

உணவைக் கருணையிலிருந்து பிரித்தெடுத்த இன்னொரு வரலாறு நமக்கு நெருக்கமானது. 1969 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் ஒரு தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு வழங்கத் தொடங்கினார்கள். அது விரைவில் பல நகரங்களுக்குப் பரவியது. அந்த நாட்டின் உளவுத்துறைத் தலைமை அதை ஆபத்தாகக் கருதியது. பசியாறிய கறுப்பினப் பிள்ளையைக் கண்டு ஓர் அரசு அஞ்சியதன் பொருளைத் தலித் இயக்கங்கள் நன்றாகவே புரிந்துகொண்டன. 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அந்தக் கட்சியின் பெயரையே தம் பெயருக்கு முன்மாதிரியாக எடுத்தார்கள். அமெரிக்காவில் சோதனை முயற்சியாக 1966-இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவு, 1975-இல் நிரந்தரத் திட்டமாயிற்று.

நம் நாட்டில் உணவை உரிமையாக்கியது வழக்குமன்றப் போராட்டம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று, அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று, சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை மதிய உணவைச் சட்ட உரிமையாக்கியது. தராத நாளுக்கு உணவுப் பாதுகாப்புப் படி கோரவும் அச்சட்டத்தில் இடமுண்டு. 1925-இன் கணக்குத் தலைப்பு வாதத்துக்கு இப்படி முக்கால் நூற்றாண்டு கழித்து மதிய வேளைக்கு மட்டும் விடை கிடைத்தது.

காலை வேளை அந்தச் சட்டத்துக்குள் இல்லை. தமிழ்நாட்டின் காலை உணவு அரசாணையின் மேல் நிற்கிறது. அரசாணையால் வந்ததை அரசாணையால் நிறுத்த முடியும் என்பதே 1925-இன் பாடம். அடுத்ததாக, இத்திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வடிவமைக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் வயிறு சுருங்கிவிடுவதில்லை. காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகும் தாய், காலை ஆறு மணிக்குத் தெருவில் துடைப்பத்தோடு நிற்கும் தூய்மைப் பணியாளர், எண்ணூரில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளி ஆகியோரின் பதின்பருவப் பிள்ளைகளுக்கு நாஷ்டா என்பது பெரும்பாலும் வரும் வழியில் வாங்கும் ஒரு பொறையோ பன்னோதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீன்பிடி முடங்கியபோது, வருமானத்தோடு சேர்ந்து அடுப்பும் முடங்கியது. அப்படிப்பட்ட நாட்களில் பள்ளியின் ஒரு தட்டு உப்புமாவோ பொங்கலோதான் பிள்ளைக்கு உறுதியான உணவு.

தட்டில் ஏறிய சாதி

தியாகராயரின் தீர்மானம் காணாமல் விட்டதை நம் காலம் கண்கூடாகக் காட்டிவிட்டது. 2023 செப்டம்பரில், எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள உசிலம்பட்டிப் பள்ளியிலும், கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர்ப் பள்ளியிலும், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரும் அமைச்சரும் நேரில் சென்று அந்த உணவை உண்டு காட்டினார்கள். காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்த ஊரின் பக்கத்திலேயே, 67 ஆண்டுகளுக்குப் பிறகு, பசித்த பிள்ளையின் கையைச் சாதி தடுத்தது. காலை உணவு சிந்தனைத்திறனை வளர்க்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு மனிதரின் கை பட்டதால் சோற்றை ஒதுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்த வளர்ச்சியால் ஆவது என்ன?

ஆட்சியர் ஒருநாள் வந்து உண்பது நல்ல செய்கைதான். ஆனால் அவர் போன மறுநாளும் அந்தப் பெண் அதே அடுப்பின் முன் நிற்க வேண்டும். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. இச்சட்டங்களை அடுப்படி வரை கொண்டுசெல்வது நம் வேலை.

காலை உணவை மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கின்றனர். மதிய உணவுக்கு 2004-இல் வகுக்கப்பட்ட முன்னுரிமை இதற்கும் எழுத்தில் வர வேண்டும். காலை உணவுக்கு மாநிலச் சட்டம் வேண்டும், அது பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள வேண்டும். உணவு வராத நாளுக்குப் படி, புகார் சொல்ல ஓர் அலுவலர், முடிவெடுக்க ஒரு காலக்கெடு ஆகியவை அச்சட்டத்தில் இருக்க வேண்டும். பேரிடர் நாட்களில் பள்ளி மூடினாலும் உணவு நிற்கக்கூடாது.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் உடனே செய்யக்கூடிய பணி உண்டு. உங்கள் பகுதிப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது நடக்கிறது என்று கேட்டறியுங்கள். எத்தனை நாள் உணவு வந்தது, எத்தனை பேர் உண்டார்கள், சமைப்பவர்கள் எந்த அடிப்படையில் தேர்வானார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுங்கள். சமைக்கும் பெண்ணிடம் உட்கார்ந்து பேசுங்கள். தியாகராயர் 1920-இல் மன்றத்தின் முன் வைத்தது பள்ளியின் நிலை பற்றிய ஓர் உண்மையை. அதன் பயனை ஐந்தாண்டுகளில் பள்ளிப் பதிவேட்டு எண்களே காட்டின. அத்தகைய கணக்குகளை ஊர்தோறும், சாதி விவரத்தோடு சேர்த்து, நாம் திரட்டியாக வேண்டும். அடுத்த வழக்குக்கும் அடுத்த சட்ட வரைவுக்கும் அவைதான் சான்று.